தம்பி காலில் விழுந்துவிட்டான், கையெழுத்தும் போட வேண்டுமா?

மலேசியாவின் பட்டர்வொர்த் பக்கமிருந்து 54 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஏழு பக்கம், கையால் எழுதியது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

இவர் வீட்டுக்கு மூத்தவர். அடுத்தது ஒரு தம்பி, கடைசியாக ஜொகூரில் வாழும் ஒரு தங்கை. அப்பா 2004இல் தவறிவிட்டார். 2016இல் அம்மா இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்த வாரங்களில், வீட்டு அலமாரியிலிருந்த 14 பவுன் நகை காணாமல் போனது. அப்போது வீட்டுச் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒன்று தம்பியிடம், இன்னொன்று வாசகியின் கணவரிடம். கணவர் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை முடித்து வரும் வழியில் மாமியார் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, சாமி விளக்கை ஏற்றிவிட்டு வருவார். "அத்தான்தான் அடிக்கடி வந்து போனார்" என்று தம்பி ஒரு வார்த்தை சொன்னான். அது போதுமானதாக இருந்தது. குடும்ப மானம் என்று சொல்லி யாரும் போலீசுக்குப் போகவில்லை. மருமகனை வீட்டுக்குள் விடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். 2019இல் அம்மா இறந்தபோது அவர் கூடாரத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு அவரை அழைக்கவே இல்லை. மருமகன்தான் எடுத்தார் என்று நம்பியபடியே அம்மா கண்ணை மூடிவிட்டார்.

இப்போது தம்பிக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒருநாள் துணைக்குப் போன அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்க்கா எடுத்தேன். ஆலோங்காரனுக்குக் கொடுக்க பஜாக்ல வெச்சேன். மீட்க முடியல" என்று அழுதிருக்கிறான். (ஆலோங் என்றால் சட்டவிரோத வட்டிக்காரன், பஜாக் என்றால் அடகுக்கடை.) கடந்த தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்திருக்கிறான். பாதிப் படியில் முடியாமல் மகன் வாங்கிக்கொண்டானாம். அப்புறம் தாய்மாமா வீட்டில் உறவுக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது அக்காவின் காலில் விழுந்து, "ஏதாவது தப்பு நடந்திருந்தா மன்னிச்சிடுக்கா" என்றான். எல்லோரும் அழுதார்கள். சித்தி தம்பியின் பெருந்தன்மையைப் பாராட்டினாராம். ஏன் தெரியுமா? அங்கே இருந்த யாருக்கும் உண்மை தெரியாது. திருடனைக் கட்டிக்கொண்ட அக்காவிடம் தம்பி இறங்கி வந்துவிட்டான் என்றுதான் நினைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தாய்மாமா ஒரு பத்திரத்தோடு வந்தார். அம்மா பெயரில் இருக்கும் வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று வாசகி கையெழுத்துப் போட வேண்டும். வீட்டை விற்று வைத்தியத்துக்கு வைத்துக்கொள்ளலாமாம். "காலில் விழுந்துட்டான், இன்னும் என்ன வேணும்? கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு எப்படியும் பங்கு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கணவரோ, "உன் தம்பி, உன் இஷ்டம். என்னைக் கூப்பிடாதே" என்கிறார். 22 வயது மகன் எல்லாவற்றையும் பேஸ்புக்கில் போடப் போகிறேன், மாமா (வாசகியின் தம்பி) மேல் கேஸ் போட வேண்டும் என்று குதிக்கிறான். வாசகிக்கு இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. மன்னிக்காவிட்டால் பாவமா, சாகக் கிடப்பவன் கேட்கும்போது மறுக்கலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிப் பக்கத்தில் "நான் கல்நெஞ்சக்காரியா?" என்று எழுதி, அதை அடித்து, கீழே மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. கல்நெஞ்சக்காரிகள் தம்பியோடு டயாலிசிஸ் நிலையத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

தம்பி சாகக் கிடக்கிறான் என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் நிலைமையை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் டயாலிசிஸ் என்றாலே கடைசிக் கட்டம் என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. அந்த நாற்காலியில் வருடக்கணக்காக உட்கார்ந்து எழுந்து, வேலைக்குப் போய், பிள்ளைக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். இந்த வாரமே முடிவெடு என்கிற அவசரம் நோயால் வந்ததா, மாமா கொண்டுவந்த பத்திரத்தால் வந்ததா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய தேதிகளைப் பார்த்தால், அந்த மூன்று மணி விழிப்பு பத்திரம் வந்த வாரத்தில்தான் தொடங்கியிருக்கிறது. தம்பி உண்மையைச் சொன்ன வாரத்தில் நீங்கள் அழுதிருக்கிறீர்கள், ஆனால் தூங்கியிருக்கிறீர்கள்.

எடுத்தேன் என்றதும் நடந்திருந்தா என்றதும்

உங்கள் தம்பி இரண்டு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இரண்டையும் நீங்கள் வார்த்தைக்கு வார்த்தை எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. முதல் தடவை, "நான்தான் எடுத்தேன், வெச்சேன்". ஆள் இருக்கிறார், செயல் இருக்கிறது. இரண்டாவது தடவை, "ஏதாவது தப்பு நடந்திருந்தா". ஆளைக் காணோம். என்ன தப்பு என்பதும் இல்லை. நடந்ததா என்பதே சந்தேகத்தில் நிற்கிறது. மழை பெய்வதுபோலத் தப்பு தானாக நடப்பதில்லை, ஒருவர் செய்தால்தான் உண்டு. ஆலோசனை அறையில் என் எதிரே உட்காருபவர்கள் "செய்தேன்" என்பதிலிருந்து "நடந்துவிட்டது" என்பதற்கு எந்த இடத்தில் நழுவுகிறார்கள் என்று கவனிப்பது என் பழக்கம். பெரும்பாலும் மூன்றாவது ஆள் ஒருவர் அறைக்குள் வரும்போதுதான்.

உங்கள் வீட்டிலும் அதே கதைதான். தனியாக இருக்கும்போது தெளிவாகச் சொன்னவர், கூட்டத்தில் குழப்பிவிட்டார். பழி போட்டதோ கூட்டத்தில். இந்த ஏற்றத்தாழ்வுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். கடிதத்தில் நீங்கள் அதற்கு வேறு பெயர் வைத்து, "எனக்கு மன்னிக்கும் மனசு இல்லை" என்று உங்களையே குறை சொல்லியிருக்கிறீர்கள். மாமா வீட்டில் அன்று உங்களிடம் கேட்டது மன்னிப்பே இல்லை, சகோதரி. அத்தனை பேர் முன்னால் உங்கள் கணவரின் பழி இன்னொரு தடவை உறுதியானது. சித்தியின் பாராட்டு போதாதா அதற்குச் சாட்சி?

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், தம்பி மேல் கோபத்தைக் கிளப்ப இல்லை. அடகுக்கடையில் வைத்த பொருளை மீட்க நம் நாட்டுச் சட்டம் 6 மாத அவகாசம் தருகிறது. மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டியும் வாங்க முடியாது. அதாவது, உங்கள் கணவர் மேல் பழி விழுந்த அன்று அந்த நகை அநேகமாக இன்னும் கடைப் பெட்டியில்தான் இருந்திருக்கும். குடும்பம் சேர்ந்து காசு போட்டு மீட்டிருக்கலாம். ஆலோங் பயத்தில் ஒரு ராத்திரி நகையை எடுத்தது ஒரு குற்றம். பயந்தவன் செய்வது, அதை மன்னிப்பது அவ்வளவு கடினமில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்காமல் இருந்தது வேறு குற்றம். உங்கள் தம்பி முதலாவதற்காக நிறைய அழுதிருக்கிறார். இரண்டாவதைப் பற்றி இதுவரை ஒரு சொல்லும் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவருக்கே அது இன்னும் புரியாமல் இருக்கலாம்.

யார் மன்னிப்பது?

நீங்கள் மன்னித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று மாமா நினைக்கிறார். நீங்களும் பாதி அப்படித்தான் நம்புகிறீர்கள். உங்களுக்கு நேர்ந்ததை நீங்கள் மன்னிக்கலாம். பிறந்த வீட்டு வாசல் ஒன்பது வருடம் உங்களுக்குப் பாதி மூடிக் கிடந்தது, அது உங்கள் நஷ்டம், உங்கள் உரிமை. ஆனால் திருடன் என்று பெயர் எடுத்தவர் உங்கள் கணவர். அவருக்காக நீங்கள் மன்னிக்க முடியாது. மனைவி என்பதால் அந்த அதிகாரம் வந்துவிடாது. "என்னைக் கூப்பிடாதே" என்று அவர் சொன்னதை முரட்டுத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தன் பங்கு மன்னிப்பைத் தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தம்பி இன்றுவரை அத்தானிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே!

அம்மாவின் பங்கை இனி யாராலும் தர முடியாது. அதைத் தம்பிதான் சுமந்தாக வேண்டும், அதை நீங்கள் இறக்கி வைக்கவும் முடியாது.

பால்குடம் எடுத்தாயிற்று, முருகன் மன்னித்துவிட்டான் என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் வருடா வருடம் தண்ணீர்மலை ஏறுகிறவள்தான். அந்த ஐந்நூறு சொச்சம் படியை உடம்பு முடியாதவர் ஏறியதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் முருகனுக்கு நேர்ந்த கடனைத்தான் முருகனிடம் தீர்க்க முடியும். அத்தானுக்குப் பட்ட கடன் பட்டர்வொர்த்தில், அத்தான் வீட்டு வாசலில்தான் இருக்கிறது.

பொறுத்துக்கோ

பொறுத்துக்கொள் என்ற சொல்லை நம் தமிழில் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். குற்றத்தை மன்னித்துவிடு என்பதும் பொறுத்துக்கொள்தான், வலியைச் சத்தம் போடாமல் தாங்கிக்கொள் என்பதும் பொறுத்துக்கொள்தான். வீட்டுப் பெண்களிடம் சொல்லும்போது இரண்டும் கலந்துவிடும். முதலாவதைக் கேட்பதுபோல இரண்டாவதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூத்த பெண்ணாக இருந்தால் இன்னும் சுலபம்.

மாமா உங்களிடம் சொன்ன குறள் பொறையுடைமை அதிகாரத்தில் 152ஆவது: "பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று." இறப்பு என்றால் இங்கே சாவு இல்லை, வரம்பு மீறிச் செய்த குற்றம். வள்ளுவர் பொறுப்பதையும் மறப்பதையும் தனித்தனியாக வைத்து, மறப்பது இன்னும் நல்லது என்கிறார். எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் யார் செய்தது என்று தெரிந்த குற்றத்தைத்தானே பொறுக்கவோ மறக்கவோ முடியும்? உங்கள் குடும்பத்தில் அந்தக் குற்றம் இன்னும் தப்பான ஆள் பெயரில் எழுதியிருக்கிறது. அதை அப்படியே மறக்கச் சொல்கிறார் மாமா. இதை அவரிடம் மரியாதையாகவே கேட்கலாம்.

மன்னித்துவிட்டால் கோபம் போய்விட வேண்டும், கோபம் போகாததால் நான் மன்னிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எவரெட் வொர்திங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பார். பழிவாங்க மாட்டேன், இவரை மனிதராக நடத்துவேன் என்று எடுக்கும் முடிவு ஒன்று. உள்ளே இருக்கும் கசப்பு மெல்ல மாறுவது இன்னொன்று. முடிவு ஒரு நாளில் வரலாம், கசப்பு தன் நேரத்துக்குத்தான் கரையும். அவர் மன்னிப்பை ஆராய்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1996 புத்தாண்டை ஒட்டி, அவருடைய தாயார் வீடு புகுந்த ஒருவனால் கொல்லப்பட்டார். அதனால் அவர் சொல்வதை வெறும் ஏட்டுப் படிப்பு என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. அவர் கணக்குப்படி பார்த்தால் நீங்கள் முதல் பாதியைத் தாண்டிவிட்டீர்கள். தம்பியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறீர்களே, அதுவே அந்த முடிவுதான்.

அந்தப் பத்திரம்

நான் பதிவுபெற்ற ஆலோசகர், வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் மாமா சொன்ன ஒன்று அடிப்படையிலேயே தப்பு என்பதால் எழுதுகிறேன். உயில் எழுதாமல் இறந்துபோன, முஸ்லிம் அல்லாதவரின் சொத்துக்குத் தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். அதில் மகன், மகள் என்ற வித்தியாசம் கிடையாது. கட்டிக்கொடுத்த பெண், கட்டிக்கொடுக்காத பெண் என்ற பேச்சும் கிடையாது. அப்பா முன்பே தவறிவிட்டார், அம்மாவைப் பெற்றவர்களும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கிடையாது என்று சொல்கிற பங்குக்கு எதற்குக் கையெழுத்து வாங்க வருகிறார்கள்? இது உங்களுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

நீங்கள் விட்டுக்கொடுத்து, நிலத்துறை அலுவலகத்தில் உத்தரவாகி, பட்டா பெயர் மாறிவிட்டால் பிறகு மனம் மாறித் திரும்ப வாங்குவது மிகவும் சிரமம். விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தம்பி வைத்தியத்துக்கு உதவ உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் வேறு வழிகளும் உண்டு. பங்கை உங்கள் பெயரில் வைத்துக்கொண்டு அவர் குடும்பம் அங்கேயே குடியிருக்க விடலாம். விற்றால் உங்கள் பங்குப் பணத்தில் ஒரு தொகையை மருத்துவச் செலவுக்கென்று கொடுக்கலாம். முழுவதையும் கொடுப்பதும் உங்கள் விருப்பம். எதுவானாலும், பத்திரம் தயாரித்த வழக்கறிஞர் தம்பிக்கு வேலை செய்கிறவர் என்பதை மறக்காதீர்கள். உங்களுக்கென்று ஒருவரைப் பாருங்கள். கட்டணம் கஷ்டம் என்றால் பினாங்கில் வழக்கறிஞர் மன்றத்தின் இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். ஜொகூர்த் தங்கையோடும் பேசுங்கள். அவரிடம் கையெழுத்து ஏற்கெனவே வாங்கிவிட்டார்களா என்பதே கடிதத்தில் தெரியவில்லை.

மாமாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்களேன்: "மாமா, தம்பி விஷயம் வேற, வீட்டு விஷயம் வேற. ரெண்டையும் ஒரே நாள்ல பேச மாட்டேன்." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விளக்கினால் வாதம் வளரும்.

மகன் கோபம் நியாயமானது, வழி சரியில்லை. யாரோ பேசிய அவதூறுக்கு வழக்குப் போட 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் தரும் அவகாசம் 6 ஆண்டு. 2016இல் பேசிய பேச்சுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. பேஸ்புக்கில் போட்டால் படிக்கிறவர்கள் 14 பவுன் கதையை ரசித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். தம்பி மகளின் சம்பந்தப் பேச்சுதான் முறியும். அந்தப் பெண் 2016இல் ஆரம்பப் பள்ளியில் இருந்தவள்.

தம்பியிடம் எதைக் கேட்பது?

14 பவுனைத் திரும்பக் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் இன்றைய தங்க விலைக்கு, வாரம் மூன்று நாள் ஊசி குத்திக்கொள்ளும் மனிதர் எங்கே போவார்? முடியாததைக் கேட்டால், கொடுக்க முடியவில்லை என்ற அழுகையிலேயே அவர் ஒளிந்துகொள்ளலாம். அவரால் முடிந்த, ஆனால் அவருக்குக் கடினமான ஒன்றைக் கேளுங்கள் என்பேன்.

அடுத்த மாதம் அம்மாவின் திதி, எல்லோரும் கூடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் தம்பி உங்கள் வீட்டுக்கு வந்து, அத்தானிடம் தனியாக, டயாலிசிஸ் நிலையத்தில் உங்களிடம் சொன்ன அதே வார்த்தைகளில் சொல்லட்டும். அத்தான் கதவைத் திறக்காவிட்டால் அதையும் ஏற்றுக்கொண்டு போகட்டும், இன்னொரு நாள் வரட்டும். அத்தான் ஒப்புக்கொண்டால் திதியன்று, படையல் போடுவதற்கு முன், அன்று கருமக்கிரியையில் இருந்த உறவுகள் முன்னால் மூன்று வாக்கியம் போதும். நகையை எடுத்தது நான். அத்தான் எடுக்கவில்லை. அம்மாவிடம் நான் பொய் சொன்னேன். நோயைப் பற்றி அந்த நேரத்தில் பேச வேண்டாம். அழுகை வந்தால் வரட்டும், அழுகைக்குள் வாக்கியம் மறைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அத்தான் கூட்டத்தில் வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் பெயரைத் துடைக்கிறேன் என்று அவர் விருப்பமில்லாமல் அவரை நடுவில் நிறுத்துவதும் ஒரு அவமானம்தான். அப்போது தம்பி மாமாவிடமும் சித்தியிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்லலாம். சித்திக்குத் தெரிந்தால் ஒரு வாரத்தில் ஊருக்கே தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். (உங்கள் கடிதத்தில் நான் சிரித்த ஒரே இடம் அது.)

இதில் ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன். தம்பி மறுக்கலாம். மனைவி மக்கள் முன்னால் முகம் எப்படிக் காட்டுவேன் என்று இன்னொரு தடவை காலில் விழலாம். உண்மையைச் சொன்ன பிறகும் நாலு பேர், "பாவம், உடம்பு சரியில்லாதவனை இப்படியா படுத்துவாள்" என்று உங்களையே பேசலாம். நிச்சயம் பேசுவார்கள். திதி வீட்டை நீதிமன்றமாக்க வேண்டாம். அவர் சொல்லி முடித்ததும் கேள்வி கேட்க யாரையும் விடாதீர்கள், மகனை முக்கியமாக. தம்பி மறுத்துவிட்டால், அவரைத் தொடர்ந்து டயாலிசிஸுக்கு அழைத்துப் போங்கள், அது உங்களுக்கு மனநிறைவு தருகிறது என்றால். ஆனால் மாமா வீட்டு நாடகத்தில் உங்களுக்குக் கொடுத்த வேஷத்தை இனி ஏற்க வேண்டியதில்லை. யாராவது கேட்டால், "என் வீட்டுக்காரர் எடுக்கவில்லை" என்று சொல்வதற்கு உங்களுக்குத் தம்பியின் அனுமதி தேவையில்லை. எடுத்தவர் யார் என்று அவர்கள் தம்பியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

தூக்கம் விஷயம். பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அப்படியே இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். மன்னிக்காததால் வந்த நோய் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி

அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது என்று முடிவு செய்தேன். "முதல் இரண்டு மாதம் நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். அதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மாமா பற்றிய பேச்சுக்குப் போய்விட்டீர்கள்.

உங்கள் மேல் குற்றம் சாட்டவில்லை. பெற்ற தாயும் கூடப் பிறந்தவனும் ஒரே குரலில் சொல்லும்போது யாருக்கும் மனம் ஆடும். ஆனால் தம்பியை மன்னிப்பதா என்று ஏழு பக்கம் எழுதிய நீங்கள், உங்கள் கணவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்றும் இருக்கிறது. தம்பிக்கு அது ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதும் உங்களுக்கு அப்போது கொஞ்சம் தெரியும்.

கணவர் 2016ஆம் ஆண்டுச் சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு மைலோ டின்னில் போட்டு, படுக்கையறை அலமாரியில் இன்னும் வைத்திருக்கிறார், கணக்கில்லாத காசு ஒரு வெள்ளிகூட வரவில்லை என்று காட்டுவதற்காக, என்று எழுதியிருக்கிறீர்கள். மாமாவோ சித்தியோ அந்த அலமாரியைத் திறக்கப் போவதில்லை. ஒன்பது வருடமாக அதைத் தினமும் திறப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

திதி வரைக்கும் காத்திருக்காதீர்கள். தம்பி வருகிறாரோ இல்லையோ, அதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். "சந்தேகம் வந்திருந்தா" என்று ஆரம்பிக்க வேண்டாம், "சந்தேகப்பட்டேன்" என்றே சொல்லுங்கள். அவர் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு.